பாண்டியின் இடுப்பளவு

உடல் பருமனில் இந்தியாவிலேயே முதலிடம் புதுச்சேரிக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரை அளந்து எடுத்த கணக்கு அது. புதுச்சேரியில் நூற்றுக்கு 53 பேருக்கு உடல் பருமன். 61 பேருக்குத் தொப்பை. நாட்டின் சராசரி முறையே 28.6, 39.5. இரண்டு பட்டியலிலும் நமக்கு மேலே யாரும் இல்லை. சர்க்கரை நோயில் மட்டும் கோவா 26.4 சதவீதம், நாம் 26.3. மயிரிழையில் இரண்டாமிடம்.

மத்திய அரசின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட புதுச்சேரிப் பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16இல் 36.7 சதவீதம். 2019-21இல் அது 46.2. இடையில் ஓடியது நாலைந்து வருஷம்தான். ஆண்களில் 43.3. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்கள் 40.4, இந்தியப் பெண்கள் மொத்தமாக 24.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். புதுச்சேரியை ஒரு மாநிலமாக நினைத்துக்கொண்டு பீகாரோடும் ஜார்க்கண்டோடும் ஒப்பிடுவது சரியான போட்டி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படியே நம்மில் 68 சதவீதம் பேர் நகரவாசிகள். பருமன் நகரத்தின் நோய். பெரும்பகுதி நகரமாக இருக்கிற ஊர் பட்டியலில் மேலே வரத்தான் செய்யும். ஆனால் அந்தச் சமாதானம் தொப்பைக்குத் தெரியாது.

தவளக்குப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியிலிருந்து கடலூர் போகும் சாலையில், அரியாங்குப்பம் தாண்டி வருகிற ஊர். கிழக்கே நல்லவாடு, கடல், மீன்பிடி. தெற்கே போனால் பாகூர், நெல்வயல். உடம்பால் உழைக்கிற இந்த இரண்டு தொழிலுக்கும் நடுவில் ஒரு சந்திப்பு. இன்றைக்கு அந்தச் சந்திப்பைச் சுற்றி இருப்பது மனைப்பிரிவு, கடை, பேக்கரி, பைக். அப்பா நாற்று நட்டார், மகன் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு பாண்டிக்கு வேலைக்குப் போகிறான். அப்பா சாப்பிட்ட அதே அளவு சோறு தட்டில் இருக்கிறது, அதை எரிக்கிற வேலை மட்டும் போய்விட்டது. சாயங்காலம் நடக்கலாம் என்றால் அந்த நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கும் டேங்கர் லாரிக்கும் நடுவே யார் நடப்பது? மாலை ஆறு மணிக்கு மேல் பாண்டி கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடக்க விடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே போய் நடக்க இங்கிருந்து வண்டியில் போக வேண்டியிருக்கிறது.

பருமன் என்று எதைச் சொல்கிறோம்? பிஎம்ஐ என்ற எண் எல்லோருக்கும் பழக்கம்: எடையைக் கிலோவில் எடுத்து, அதை மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். இந்தியர்களுக்கு 23க்கு மேல் போனால் எடை கூடுதல், 25க்கு மேல் போனால் பருமன் என்பது இங்குள்ள மருத்துவர்கள் 2009இலிருந்து வைத்திருக்கிற கோடு. ஐரோப்பியர்களுக்கு அந்தப் பருமன் கோடு 30இல் இருக்கிறது. 160 செ.மீ. உயரமுள்ளவர் 64 கிலோவைத் தொட்டால் 25 ஆகிவிடுகிறது, 170 செ.மீ. என்றால் 72 கிலோ. ‘நான் ஒண்ணும் அவ்வளவு குண்டு இல்லையே’ என்று பாதிப் பேர் சொல்லும் எடை இது.

நமக்கு ஏன் கோடு கீழே? புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையுமே போட்டு இதை விளக்கினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் ஊரில் கை கால் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் முன்னே தள்ளிக்கொண்டிருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் இது புதிய விஷயமாகவே தோன்றாது.

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம் என்று முதலில் தெளிவாகச் சொன்னவர், பாண்டியில் பிரெஞ்சுக் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்த காலத்து பிரெஞ்சு மருத்துவர் ஒருவர்தான். மார்செய் நகரத்து ழான் வாக். 1947இல் அவர் எழுதினார்: இடுப்புக்குக் கீழே, தொடையில் சேர்கிற கொழுப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை, வயிற்றில் சேர்கிற கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இரத்தக் குழாய் அடைப்புக்கும் வழிவிடுகிறது. உலகம் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளப் பல வருஷம் ஆனது.

ஆகவே வீட்டில் எடை மெஷின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் ஒன்று வாங்கி வையுங்கள். காலையில் வெறும் வயிற்றில், சட்டையைத் தூக்கிவிட்டு நில்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பு எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். இடுப்பெலும்பின் மேல்முனை எங்கே தொடங்குகிறது என்றும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். பெரும்பாலும் தொப்புள் பக்கமாகத்தான் வரும். மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு, வயிற்றை எக்காமல், டேப் சதையை அழுத்தாமல் படியுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அதைத் தொட்டால் அது தொப்பைதான்.

‘என் பேன்ட் சைஸ் 34தான், அது 86 செ.மீ.தானே’ என்று கணக்குச் சொல்பவர்கள் ஜாக்கிரதை. தொப்பை இறங்க இறங்க நாம் பேன்ட்டையும் இறக்கிக் கட்டுகிறோம். பெல்ட் இருப்பது வயிற்றுக்குக் கீழே. டேப் போக வேண்டியது வயிற்றின் மேலே. கைலி கட்டுபவர்களுக்கு இந்தத் தகவல்கூடக் கிடைப்பதில்லை, முடிச்சு எந்த அளவுக்கும் வளைந்து கொடுக்கும்.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும் சரக்கு இல்லை. தோலுக்கடியில் இருக்கிற கொழுப்புச் செல்கள் ஓரளவுக்குத்தான் கொள்ளும். அது நிரம்பியதும் மிச்சம் கல்லீரல், கணையம், தசை என்று இருக்கக்கூடாத இடங்களுக்கு வழிகிறது. அங்கே போனதும் இன்சுலின் சொல்வதை அந்த உறுப்புகள் கேட்க மறுக்கின்றன. கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. பல வருஷம் ஈடுகட்டவும் செய்யும். அதுவரை சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும், ஆளும் நிம்மதியாக இருப்பார். கணையம் களைத்துப்போன பிறகுதான் பரிசோதனைச் சீட்டில் எண் ஏறும். ‘போன வருஷம் வரைக்கும் சுகர் இல்ல’ என்பதன் பின்னால் பெரும்பாலும் பத்து வருஷத்துத் தொப்பை இருக்கிறது.

எதனால் எடை ஏறுகிறது என்று கேட்டால், அதிகம் சாப்பிட்டுக் குறைவாக உழைப்பதால் என்று பதில் வரும். தப்பில்லை, ஆனால் பாதி பதில். ஏன் அதிகம் சாப்பிடுகிறோம் என்பது மீதி. எடை ஏறும் தன்மையில் பெரும்பங்கு பரம்பரை. அம்மா அப்பா இருவருமே பருத்தவர்கள் என்றால் பிள்ளைக்கு அது சுலபமாக வருகிறது. பசியையும் திருப்தியையும் நடத்துவது மூளையும் ஹார்மோன்களும். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை ஒரு மாதம் உள்ளேயே தங்கவைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் பாக்கெட் உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவு. வேண்டிய அளவு சாப்பிடலாம். பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. அப்படியும் பாக்கெட் உணவு வாரங்களில் ஒரு நாளைக்கு 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. அந்த 20 பேருக்கும் திடீரென்று மனஉறுதி குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

நம் ஊர்க் கணக்கு இன்னும் எளிது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை அல்லது பரோட்டா: மூன்று வேளையும் அரிசியும் மைதாவும் மாறி மாறி வருகின்றன. பருப்பு, முட்டை, மீன், காய் எல்லாம் தொட்டுக்கொள்ளும் அளவில் ஓரமாக இருக்கின்றன. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம்; நாளைக்கு நாலு டீ குடித்தால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது. டீயோடு வரும் பஜ்ஜியையும் பப்ஸையும் நான் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

பாண்டியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது சாராயத்தைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி, மாவுச்சத்தில் 4தான். ஒரு குவார்ட்டர் பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால், அதாவது 400 கலோரிக்கு மேல். கிட்டத்தட்ட இரண்டு கப் சோறு. உடம்பு முதலில் ஆல்கஹாலைத்தான் எரிக்கும். கூடச் சாப்பிட்ட மிக்சரும் சில்லி சிக்கனும் வரிசையில் காத்திருந்து கொழுப்பாக மாறும். ‘நான் ராத்திரி சாப்பாடே சாப்பிடறதில்ல டாக்டர், எப்படி வெயிட் போடுது?’ என்று கேட்பவர்களிடம், சாப்பாட்டுக்குப் பதில் என்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

மருந்துகளாலும் எடை ஏறும், இது பலருக்குத் தெரிவதில்லை. ஸ்டீராய்டு மாத்திரை, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், ஓலான்சபின் போன்ற மனநல மருந்துகள், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், தலைவலிக்கும் நரம்புவலிக்கும் எழுதப்படும் அமிட்ரிப்டிலின். இவற்றை நாமாக நிறுத்தக்கூடாது. மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேட்கலாம். பெண்களுக்கு நீர்க்கட்டிப் பிரச்சினையும், பிள்ளைப்பேறுக்குப் பின் இறங்காமல் நின்றுவிடும் எடையும், மாதவிலக்கு நின்றபின் கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுவதும் சேர்ந்துகொள்கின்றன. தைராய்டு மேல் பழி போடுவது நம் ஊர் வழக்கம். தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான். இருபது கிலோவுக்கு அது பொறுப்பேற்காது. தூக்கம் குறைந்தால் பசி கூடும். இரவு ஷிப்டு பார்ப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

பருமனால் வரும் கேடுகளில் சர்க்கரை, பிரஷர், மாரடைப்பு, பக்கவாதம் நாலையும் எல்லோரும் அறிவார்கள். அதிகம் பேசப்படாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போகும்போது ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று எழுதி வரும். அது எல்லோருக்கும் இருப்பதுதான் என்று சீட்டை மடித்து வைத்துவிடுகிறோம். சிலருக்கு அது அப்படியே நிற்கும், சிலருக்குக் கல்லீரல் அழற்சி, தழும்பு, சுருக்கம் என்று வளரும், குடிக்காதவர்களுக்கும். கொழுப்பு படிந்த கல்லீரலில் குடியும் சேர்ந்தால் வேகம் கூடும்.

அடுத்தது குறட்டை. கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைபடும். குறட்டை சட்டென்று நிற்கும், சில நொடி நிசப்தம், பிறகு திணறிக்கொண்டு மூச்சு வரும். பக்கத்தில் படுத்திருப்பவர்தான் இதற்குச் சாட்சி. இப்படி ராத்திரி முழுக்க விழித்து விழித்துத் தூங்கியவர் மறுநாள் பைக் ஓட்டும்போது கண் செருகுவார். பிரஷர் மாத்திரை மூன்று போட்டும் கட்டுப்படாதவர்களுக்கு இது மறைந்த காரணமாக இருக்கலாம்.

முழங்காலுக்கு ஒரு கணக்கு உண்டு: ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் மூட்டின் மேல் விழும் சுமை நாலு கிலோ குறைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016இல் பருமனோடு தொடர்புள்ள புற்றுநோய்கள் 13 என்று கணக்குச் சொன்னது. மாதவிலக்கு நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய், பெருங்குடல் புற்றுநோய் அதில் அடக்கம். பித்தப்பைக் கல், பிள்ளை தங்குவதில் தாமதம், மனச்சோர்வு என்று பட்டியல் இன்னும் நீளும்.

இனி சிகிச்சை. முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்ய வேண்டும். கல்யாணத்தப்போ இருந்த எடைக்குத் திரும்ப வேண்டியதில்லை. 80 கிலோ இருப்பவர் 4 கிலோ இறக்கினாலே பிரஷரும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். 8 கிலோ இறக்கினால் கல்லீரல், குறட்டை, முழங்கால் எல்லாம் வித்தியாசத்தைக் காட்டும். ஐந்திலிருந்து பத்து சதவீதம், இதுதான் முதல் இலக்கு.

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இதையும் தாண்டி ஒன்றைக் காட்டியது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் பின்தொடர்ந்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது; உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 சதவீதம். இத்தனைக்கும் இவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. மெஷினில் முள் நகரவில்லை என்று ஒரு மாதத்தில் நடையை நிறுத்திவிடுபவர்கள் இந்த ஆய்வை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் செய்ய வேண்டியது சோற்றை ஒழிப்பது இல்லை, தட்டில் அதன் பங்கைக் குறைப்பது. பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு மீன், முட்டை, பருப்பு, சுண்டல். மிச்சக் கால் தட்டு சோறு. நல்லவாடும் வீராம்பட்டினமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறவர்களுக்கு மீன் ஒரு பெரிய கொடுப்பினை. குழம்பில் போடுங்கள், எண்ணெயில் போடும் நாட்களைக் குறையுங்கள். எண்ணெய் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். நாலு பேர் வீட்டில் மாதம் எத்தனை பாக்கெட் வாங்குகிறீர்கள் என்று மளிகைச் சீட்டைப் பாருங்கள், அதுவே பதில் சொல்லும். ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பதில் பெரிய மகிமை ஒன்றும் இல்லை. எண்ணெய் விட்டுச் சுட்ட இரண்டு சப்பாத்தியும் ஒரு கப் சோறும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான்; மூன்றாவது சப்பாத்தியில் சோறு தேவலாம் என்றாகிவிடும். கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் நல்லவைதான், ஆனால் அவையும் மாவுச்சத்துதான், சொம்பு சொம்பாகக் குடிக்கும் மருந்து இல்லை.

அரை மணி வேகமாக நடந்தால் எரிவது சுமார் 150 கலோரி. அதை ஒரு மெதுவடை சரிக்கட்டிவிடும். எனவே எடையை இறக்குவது பெரும்பாலும் சாப்பாட்டின் வேலை. இறங்கிய எடையை ஏறாமல் பிடித்து வைப்பதும் தொப்பையைக் கரைப்பதும் உடற்பயிற்சியின் வேலை. வாரத்துக்கு 150 நிமிஷம் நடை, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை: உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது. ஜிம் கட்டாயமில்லை.

இப்போது கசப்பான பகுதி. எடை இறங்கியதும் உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. பசி ஹார்மோன் கூடுகிறது, எரிக்கும் வேகம் குறைகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து 2016இல் எழுதினார்கள்: பெரும்பாலானோர் இழந்த எடையில் நிறையத் திரும்பப் பெற்றிருந்தார்கள், ஆனாலும் அவர்கள் உடம்பு எதிர்பார்த்ததைவிட நாளைக்கு 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. திரும்ப ஏறுவதைச் சோம்பேறித்தனம் என்று கேலி செய்கிற சித்தப்பாவுக்கும் ஆபீஸ் நண்பருக்கும் இந்த விஷயம் தெரியாது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவதுபோலத்தான் இதுவும். ‘ஒரே மாதத்தில் 10 கிலோ’ என்று தூண் தூணாக ஒட்டியிருக்கும் நோட்டீசும், காலையில் ஷேக் குடிக்கக் கூப்பிடும் இடங்களும், என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொடிகளும் இந்த இடத்தில்தான் நம்மைப் பிடிக்கின்றன. முதல் மாதம் இறங்கும். அதில் பாதி தண்ணீரும் தசையும்.

உணவும் நடையும் போதாதவர்களுக்கு இப்போது மருந்து இருக்கிறது. டிர்செபடைட் ஊசி 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாகுளுடைட் ஊசி அதே வருஷம் ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இரண்டும் வாரம் ஒரு தடவை, தோலுக்கடியில். சாப்பிட்டதும் குடல் மூளைக்கு அனுப்பும் ‘போதும்’ என்ற செய்தியை இவை பலமாகவும் நீண்ட நேரமும் அனுப்புகின்றன. உலக அளவிலான பரிசோதனைகளில் ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் போட்டவர்களுக்கு செமாகுளுடைட் சராசரியாக 15 சதவீதமும், டிர்செபடைட் அதிக டோசில் 20 சதவீதம் அளவிலும் எடையைக் குறைத்தன. முன்பு எந்த மாத்திரையும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால் விலை இறங்க வழி இருக்கிறது.

விலை இறங்கினால் இன்னொரு கவலை கூடவே வரும்: மெடிக்கலில் போய்க் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது. இது அப்படிப் போடும் ஊசி இல்லை. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். அதற்காகத்தான் குறைந்த டோசில் தொடங்கி மெல்ல ஏற்றுகிறார்கள். சிலருக்குப் பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். தைராய்டின் மெடுல்லரி வகைப் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தவர்களுக்கும் கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கூடாது. புரதமும் தசைப்பயிற்சியும் இல்லாமல் போட்டால் கொழுப்போடு தசையும் கரையும். நிறுத்தினால்? செமாகுளுடைடை நிறுத்தியவர்கள் ஒரு வருஷத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். தொடங்கும் முன்பே எத்தனை காலம், மாதம் எவ்வளவு செலவு என்று பேசிக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் கல்யாண அவசரத்துக்கான மருந்து இல்லை இது.

அறுவைச் சிகிச்சை கடைசிப் படி. இரைப்பையின் பெரும்பகுதியை நீட்டுவாக்கில் வெட்டி எடுத்துக் குழாய்போல ஆக்குவது ஒன்று. இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலைத் திருப்பி இணைக்கும் பைபாஸ் இன்னொன்று. வயிறு சிறியதாவது மட்டும் காரணமில்லை, பசி ஹார்மோன்களே மாறிவிடுகின்றன. பிஎம்ஐ 35க்கு மேல் உள்ளவர்களுக்கும், 30ஐத் தாண்டிச் சர்க்கரை போன்ற நோயும் உள்ளவர்களுக்கும் பரிசீலிக்கிறார்கள். எடையில் 25 முதல் 30 சதவீதம் குறையும், பலருக்குச் சர்க்கரை மாத்திரையே தேவைப்படாமல் போகும். விலையாக ஆயுள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் பரிசோதனைகளும்.

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் இந்த அறுவைக்காகச் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய், உயிரிழந்தார். அவசர நிலையைச் சமாளிக்கும் வசதி அங்கே போதாது என்று தமிழ்நாடு அரசின் விசாரணை சொன்னது. மருத்துவமனையின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தச் செய்திக்குப் பிறகு இங்கே பலர் அறுவை என்றாலே ஆபத்து என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது சரியான பாடம் இல்லை. நல்ல அனுபவமுள்ள இடங்களில் இந்த அறுவையில் உயிரிழப்பு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான், பித்தப்பை அறுவையைப் போல. கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விலையை மட்டும் பார்த்துப் போவதுதான் ஆபத்து. ஐசியூ அதே கட்டடத்தில் இருக்கிறதா? சர்ஜன் வருஷத்துக்கு எத்தனை அறுவை செய்கிறார்? மயக்க மருந்து நிபுணர் முன்கூட்டியே பார்த்தாரா? குறட்டைக்குத் தூக்கப் பரிசோதனை செய்தார்களா? இருதயம் பார்த்தார்களா? ஒரே ஆலோசனையில் தேதி கொடுத்துவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

தவளக்குப்பத்துக்காரர்களுக்கு மருத்துவமனை தூரம் ஒரு சாக்கு ஆகாது. 30 வயது தாண்டியவர்களுக்குப் பிரஷரும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செலவில்லாமல் பார்க்கிறார்கள். கடலூர் சாலையிலேயே தெற்கே போனால் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் இரண்டு மருத்துவக் கல்லூரிகள். வடக்கே கோரிமேட்டில் ஜிப்மர், அங்கே ஹார்மோன் நோய்களுக்கென்று தனித் துறையே இருக்கிறது. முதல் தடவை போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள், நாட்டு மருந்தும் சேர்த்து. மூன்று நாள் சாப்பிட்டதையும் குடித்ததையும் ஒளிக்காமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குறட்டையைப் பற்றிச் சொல்ல வீட்டுக்காரரையோ வீட்டுக்காரியையோ கூட்டிப் போங்கள். மூன்று மாதச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், தைராய்டு இரத்தப் பரிசோதனைகளை எழுதித் தருவார்கள். டேப் எடுக்காமல் ‘வெயிட்டைக் குறைங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், இடுப்பையும் அளந்து சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி போகும்போது ஒப்பிட அந்த எண் வேண்டும்.